அழைக்காத கதவைத் தட்டலாமா?



ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிப்போம். உங்கள் குடியிருப்பில் அல்லது உங்கள் தெருவில், தனியாக வசிக்கிறவர்கள் எத்தனை பேர்? கொஞ்சம் விரல்விட்டு எண்ணிப் பாருங்களேன்!

பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாக இருக்கும் மாமி ஒருவர் இருப்பார். மனைவியை இழந்தபின் ஹோட்டல் சாப்பாடும் டி.வி-யுமாகப் பொழுதைக் கழிக்கும் பெரியவர் ஒருவர் இருப்பார். கல்யாணமே செய்துகொள்ளாமல் தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, இன்று ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் டீச்சரம்மா இருப்பார். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்து, ஒற்றை அறையில் தங்கியிருக்கும் சின்னப் பெண்கூட இருக்கலாம். இரவில் அவர்கள் வீட்டில் கழுவிக் கவிழ்க்கப்படுவது ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு டம்ளர்.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். நம் தமிழகத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் அந்த வயதினர். கூட்டுக் குடும்பங்கள் குறைந்துவிட்ட காலத்தில், இவர்களில் எத்தனையோ பேர் தனி வீட்டில், தனி ஆளாக இருக்கிறார்கள். உலகம் முழுவதும் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது. அது உடல் நலத்தையும் கெடுக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ம் ஆண்டு அறிக்கையில் எச்சரித்திருக்கிறது.

சரி, இதில் நமக்கு என்ன கடமை? 'அவரவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், உறவுகள் இருக்கிறார்கள். கூப்பிடாத வீட்டுக்கு நாமாகப் போய் நிற்பது முறையா? வம்புக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டால்?' என்று மனசு கேட்கும். நியாயமான கேள்விதான். நம் கோயில்களும் புராணங்களும் இதற்கு என்ன பதில் வைத்திருக்கின்றன என்று பார்ப்போமா?

வராத விருந்தாளி

இல்லறத்தில் இருப்பவர்கள் தினமும் செய்ய வேண்டியவை என்று ஐந்து யக்ஞங்களைச் சாஸ்திரம் சொல்கிறது. வேதம் ஓதுவது பிரம்ம யக்ஞம். தேவர்களை வழிபடுவது தேவ யக்ஞம். முன்னோர்களை நினைப்பது பித்ரு யக்ஞம். காக்கைக்கும் எறும்புக்கும் உணவிடுவது பூத யக்ஞம். ஐந்தாவது மனுஷ்ய யக்ஞம். அதாவது, சக மனிதரை உபசரிப்பது.

விளக்கேற்றி ஸ்வாமி நமஸ்காரம் செய்கிறோம். அமாவாசை தர்ப்பணத்துக்கு வேண்டியதை எடுத்து வைக்கிறோம். காக்கைக்குச் சாதம் வைக்காமல் சாப்பிடாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆனால், அந்த ஐந்தாவது யக்ஞம்?

அந்தக் காலத்தில் அது தானாகவே நடந்தது. திண்ணையில் வழிப்போக்கர் வந்து உட்காருவார். 'அதிதி' என்ற சொல்லுக்கே, நாள் குறிக்காமல் வருபவர் என்று பொருள் சொல்வார்கள். இன்று திண்ணையும் இல்லை, வழிப்போக்கரும் இல்லை. கீழே காவலாளியிடம் பெயர் எழுதிவிட்டுத்தான் உறவினரே மேலே வர முடிகிறது. யக்ஞம் செய்ய நாம் தயார் என்றாலும் விருந்தாளி வருவதில்லை.

அதிலும் தனிமையில் இருப்பவர் வரவே மாட்டார். பசி எடுத்தவர் கதவைத் தட்டிவிடுவார். 'எனக்குப் பேச்சுத் துணை இல்லை' என்று சொல்லிக்கொண்டு யாராவது கதவைத் தட்டுவார்களா? அதைச் சொல்லவே கூச்சமாக இருக்குமே! ஆகவே, இந்த யக்ஞத்தை இன்று நாம்தான் எழுந்து போய்ச் செய்ய வேண்டியிருக்கிறது.

சந்நிதியை விட்டு வெளியே வரும் சாமி

இப்படி நாமாகப் போவது மரியாதைக் குறைவா? நம் கோயில்களைப் பாருங்கள். கருவறையில் மூலவர் அசையாமல் இருக்கிறார். போகிறவர்களுக்குத் தரிசனம் தருகிறார். ஆனால், அதோடு விட்டுவிட்டார்களா நம் பெரியவர்கள்? உற்சவர் என்று ஒரு திருமேனியையும் வைத்து, பிரம்மோற்சவத்திலும் தேர்த் திருவிழாவிலும் வீதி வீதியாக எழுந்தருளச் செய்தார்கள். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள்... கோயிலுக்கு வர முடியாத வயோதிகர்களும் நோயாளிகளும் தங்கள் வாசலில் நின்றபடியே தரிசிக்கத்தான் என்று!

உலகையே படைத்தவன், படியிறங்க முடியாத ஒரு பாட்டிக்காக அவள் தெருவுக்கு வருகிறான். நாம் ஒரு மாடி ஏறி இறங்குவதில் என்ன குறைந்துவிடும்?

சபரியை நினைத்துப் பாருங்கள். மதங்க முனிவரும் மற்ற ரிஷிகளும் மேலுலகம் போன பிறகு, பம்பைக் கரையில் அந்த ஆசிரமத்தில் காத்திருந்த முதியவள். அவள் ஊர் தேடி வரவில்லை. ராமன்தான் லட்சுமணனோடு அவள் இடம் தேடிப் போனான். சீதையைப் பிரிந்த துக்கம் அவன் நெஞ்சை அடைத்திருந்த நேரம் அது. 'என் கவலையே எனக்குப் பெரிசாக இருக்கிறது' என்று அவன் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. இருந்தும் போனான், தவமெல்லாம் நலமா என்று விசாரித்தான், அவள் சேகரித்து வைத்ததை ஏற்றுக்கொண்டான்.

வீட்டுக்கு ஓர் ஆள்!

மதுரைக்கு வருவோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் வரும் வந்திக் கிழவியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம் பெருகியது. கரையை அடைக்க, வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்குப் பிள்ளை இல்லை, உறவு இல்லை, அனுப்புவதற்கு ஆளும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அரசன் கொடியவன் என்பதால் அந்தக் கட்டளை பிறக்கவில்லை. ஊரைக் காக்கத்தான் அப்படிச் சொன்னான். ஆனால், 'வீடு என்றால் அதில் நாலு பேர் இருப்பார்கள்' என்ற நினைப்பு அந்தக் கட்டளைக்குள் இருந்தது. ஒற்றை ஆளாக ஒருத்தி இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்றும் அப்படித்தானே இருக்கிறது? மருத்துவமனையில் சேர்ந்தால் 'கூட யார் வந்திருக்கிறார்கள்?' என்று கேட்கிறார்கள். கேஸ் சிலிண்டர் வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். செல்போனில் வரும் எண்ணைச் சொன்னால்தான் பல வேலைகள் நடக்கும். சொல்லித்தரப் பேரன் பேத்தி பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லா ஏற்பாடுகளும், வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்று நம்பிச் செய்யப்பட்டவை. அந்த இன்னொருவர் இல்லாதபோது, வாழ்க்கையில் ஒவ்வொரு சின்னக் காரியமும் வைகை வெள்ளம்தான்!

வந்திக்கு அந்த இன்னொருவராக வந்தவர் யார்? சாட்சாத் சோமசுந்தரேஸ்வரர். கூலியாளாக வேஷம் போட்டு, மண் சுமக்கும் கூடையோடு வந்து நின்றார். இன்றும் ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த லீலை கோலாகலமாக நடக்கிறது. எத்தனையோ அரசர்களுக்கு அருள் செய்த இறைவன், ஒண்டிக்கட்டையான ஒரு கிழவிக்குச் செய்த உதவியை ஊரே கூடிக் கொண்டாடுகிறது.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தத்தளித்தபோதும் இதே காட்சியைப் பார்த்தோம். கீழ்த் தளங்களில் தண்ணீர் புகுந்தபோது, மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து, அதுவரை பெயர்கூடத் தெரியாதவர்களுக்குப் பாயும் சாதமும் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்ததும் கதவுகள் மறுபடி மூடிக்கொண்ட இடங்களும் உண்டு. வெள்ளம் வந்தால்தான் அண்டை வீடு என்றால், வெள்ளம் இல்லாத நாளில் வந்திகள் என்ன செய்வார்கள்?

கூலி வாங்கிய கடவுள்

வந்தி கதையில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. வந்தது கடவுள். நினைத்த மாத்திரத்தில் வெள்ளத்தை வற்றச் செய்திருக்கலாம். 'உனக்காகச் சும்மாவே செய்து தருகிறேன் பாட்டி' என்று சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கூலி பேசினார்! உதிர்ந்த பிட்டைத் தா, அது போதும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏன் தெரியுமா? தர்மம் வாங்குகிறவள் என்ற கூச்சம் அந்தக் கிழவிக்கு வரக் கூடாது. 'என் பிட்டுக்கு ஒருவன் வேலை செய்கிறான்' என்ற நிமிர்வு அவளுக்கு இருக்க வேண்டும். குசேலரிடம் கண்ணன் அவலைப் பிடுங்கித் தின்றதும் இதே காரணத்துக்காகத்தான் இருக்க வேண்டும். கொடுக்கப் போகிற அவன், முதலில் வாங்கிக்கொண்டான்.

சகோதரிகளே, தனியாக இருப்பவர்களிடம் போகும்போது நாம் நினைவில் வைக்க வேண்டியது இதுதான். 'பாவம், தனியா இருக்கீங்களே' என்று ஆரம்பித்தால், அந்த ஒரு வார்த்தையே கதவைச் சாத்திவிடும். தனியாக வாழ்கிறவருக்குச் சாப்பாட்டை விடவும் பெரிய குறை ஒன்று உண்டு. தன்னால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லையே என்ற ஏக்கம்தான் அது.

அதனால், கையை நீட்டிக்கொண்டே போங்கள். 'மாமி, உங்க வீட்டு எலுமிச்சை ஊறுகாய் பக்குவம் சொல்லுங்களேன்' என்று கேளுங்கள். 'டீச்சர், பொண்ணுக்கு இந்தக் கணக்கு மட்டும் புரியலையாம்' என்று புத்தகத்தோடு அனுப்புங்கள். 'மார்கழிக்கு இருபத்தோரு புள்ளியில கோலம் உங்களுக்குத் தெரியுமா?' என்று நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அவர் கொடுக்கும் ஒரு வாய் காபியை, 'வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்' என்று தட்டாமல் வாங்கிக் குடியுங்கள். பிட்டை வாங்கிக்கொண்ட இறைவன் காட்டிய வழி அது.

பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டுமே?

'பெற்ற பிள்ளையே பார்க்காதபோது நான் ஏன் பார்க்க வேண்டும்?' என்ற கேள்வி அடுத்து வரும். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்பதில் சந்தேகமே இல்லை. 2007-ல் அதற்கென்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் கைவிட்டவர்கள் அல்ல. தினமும் இரவு போன் செய்து, பணமும் அனுப்பி, மனசுக்குள் குமைகிறவர்கள் நிறைய.

திருச்சி மலைக்கோட்டைக்குப் போகிறவர்கள் தாயுமானவர் கதையைக் கேட்டிருப்பீர்கள். பிரசவ வேதனையில் ரத்னாவதி தவிக்கிறாள். புறப்பட்டு வந்த தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். தாய்க்கு அன்பு இல்லையா? இருந்தது. நடுவில் ஆறு இருந்தது! அந்த வேளையில் சிவபெருமானே தாய் உருவில் வந்து, பிரசவம் பார்த்து, தாயையும் சேயையும் காத்தார்.

இன்று நடுவில் கடல் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகனால் இங்குள்ள அம்மாவுக்கு மருந்தும் காய்கறியும் வீட்டு வாசலுக்கே வரவழைக்க முடியும். ஆனால், காலை ஒன்பது மணி ஆகியும் பால் பாக்கெட் பையிலேயே தொங்குகிறதே, பேப்பர் வாசலிலேயே கிடக்கிறதே என்பது அவன் கண்ணில் படாது. உங்கள் கண்ணில்தான் படும். தர்மம் ரத்த சம்பந்தத்தால் மட்டும் வருவதில்லை. பார்க்கிற தூரத்தில் இருப்பதாலும் வருகிறது.

அதேசமயம் அந்தக் கதையின் முடிவையும் கவனியுங்கள். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்ததும், தாயாக வந்தவர் மறைந்துவிட்டார். அவள் இடத்தைப் பிடித்துக்கொள்ளவில்லை. நாமும் அப்படித்தான். பிள்ளைகளைப் பற்றிக் குறை பேசி, பெற்றவள் மனதில் விஷத்தைக் கலப்பது நம் வேலை இல்லை. ஆறு குறுக்கே இருக்கும்வரை துணை நிற்போம்; அவர்கள் வந்ததும் விலகி நின்று சந்தோஷப்படுவோம்.

கொலுவுக்கு யாரை அழைக்கிறோம்?

இப்போது கொஞ்சம் சங்கடமான ஒரு விஷயம். தனியாக இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்கள். நவராத்திரி வந்தால், குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைக்கிறோம். அந்த ஒரு கதவை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். வெற்றிலை பாக்கு, குங்குமம் கொடுக்கலாமா கூடாதா என்ற குழப்பத்தில், கூப்பிடாமலே இருந்துவிடுவது சுலபம் என்று தோன்றுகிறது. ஒன்பது நாளும் எதிர் வீட்டுப் பாட்டுச் சத்தம் அவர் வீட்டுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருக்கும்.

தாம்பூலத்தில் உங்கள் குடும்ப வழக்கம் எதுவாகவும் இருக்கட்டும். கொலுவைப் பார்க்க, ஒரு பாட்டுப் பாட, சுண்டல் சாப்பிட எந்தத் தடையும் இல்லையே! அம்பிகையின் தச மகா வித்யைகளில் தூமாவதி தேவி விதவைக் கோலத்தில் இருப்பவள். காசியில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. கணவர் விலகிப் போன பிறகு தனியே கயிலாயம் சென்ற காரைக்கால் அம்மையாரை, தாயும் தந்தையும் இல்லாத அந்தப் பரமனே 'அம்மா' என்று அழைத்தான். சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அம்மையார் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈஸ்வரன் ஆசனம் கொடுத்த இடத்தில், நாம் அழைப்பைக்கூட மறுக்கலாமா?

தனித்திருப்பது வேறு, தவித்திருப்பது வேறு

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தனியாக இருப்பவர் எல்லோரும் துக்கத்தில் இருப்பவர் அல்ல. ஏகாந்தத்தை விரும்பித் தேடிய மகான்கள் பிறந்த மண் இது. ஜபம், வாசிப்பு, தோட்டம் என்று நிறைவாக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் தனிமையைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? மிகச் சுலபம். கதவை ஒரு முறை தட்டலாம். திறந்து வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினால், சிரித்த முகத்தோடு திரும்பிவிடுங்கள். அடுத்த பண்டிகைக்கு மறுபடி ஒரு முறை போங்கள். 'இவள் என்ன விலை கேட்டாலும் கேட்பாள்' என்ற பயம் தனியாக இருப்பவர்களுக்கு உண்டு. ஏமாற்றுக்காரர்கள் மலிந்த காலம் இது. அதனால் சொத்து, பேங்க் கணக்கு, நகை, மருமகள் சமாச்சாரம்... இவற்றைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அங்கே கேட்டதை அடுத்த வீட்டில் சொல்வதைப் போன்ற பாவம் வேறில்லை.

இன்னொரு பயம் நம் பக்கம் இருக்கிறது. 'ஒரு நாள் பேசினால் தினமும் பிடித்துக்கொள்வார்களோ?' என்பது அது. வீட்டு வேலை, பிள்ளைகளின் பரீட்சை, மாமியார் மருந்து என்று உங்களுக்கும் கை நிறைய வேலை இருக்கிறது. அதனால், முடிந்த அளவை முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சி மகா பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? தினமும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது. ஒரு பிடியால் யார் வீட்டிலும் சாதம் குறையாது. தினமும் சேர்ந்தால் பலர் பசி தீரும். நேரத்திலும் அப்படி ஒரு பிடி எடுத்து வைக்கலாம். வாரத்தில் ஒரு நாள், பத்தே நிமிஷம். ஒரு நாள் ஆரவாரமாக விருந்து வைத்துவிட்டு ஆறு மாதம் காணாமல் போவதைவிட, வாரா வாரம் வரும் பத்து நிமிஷம் உயர்ந்தது. காத்திருக்க அவருக்கு ஒரு கிழமை கிடைக்கும்.

இந்த வாரமே தொடங்கலாம்

* பிரதோஷமோ சங்கடஹர சதுர்த்தியோ, கோயிலுக்குப் போய்வந்தால் விபூதி, குங்குமப் பிரசாதத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுபோங்கள். பிரசாதம் கொண்டு போகிறவரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள்!

* பலகாரம் கொடுக்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்புக் குறைத்த சுண்டல் யாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்காமல், பல் எப்படி என்பதையும் பாருங்கள்.

* திருக்கார்த்திகையன்று அவர் வாசலிலும் இரண்டு அகல் வைக்க அனுமதி கேளுங்கள். குனிய முடியாதவர் வாசலில் மார்கழிக் கோலத்தை உங்கள் மகள் போடட்டும்.

* சம்மதித்தால், பிள்ளைகளின் போன் நம்பரையும் டாக்டர் நம்பரையும் வாங்கி வையுங்கள். ஆபத்தென்றால் 108. முதியோருக்கான ஆலோசனைக்கும் உதவிக்கும் 14567 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது.

* தனியாக இருப்பவர் ஆண் என்றால், கணவரையோ மகனையோ முன்னிறுத்துங்கள். சின்னப் பெண் என்றால், பண்டிகை நாளில் ஊருக்குப் போகாமல் இருக்கிறாளா என்று பாருங்கள்.

வந்தியின் கதையில், வேலை செய்யாமல் ஆடிப் பாடித் திரிந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் முதுகில் விழுந்தது. அரசி முதுகில் விழுந்தது. ஊரில் உள்ள அத்தனை உயிர்கள் முதுகிலும் விழுந்தது. ஒருவர் பட்ட அடி எல்லோருக்கும் வலித்தது. கோயிலில் நாம் கேட்கும் எத்தனையோ வரங்களில் இதையும் சேர்த்துக் கேட்போம்... அடுத்த வீட்டில் விழும் அடி என் முதுகிலும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று. அப்படி வலித்துவிட்டால், அழைக்காத கதவைத் தட்டலாமா என்ற கேள்வி நமக்கு எழவே எழாது.